எத்தனை கிலோ தாங்கும்?

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரைக் கடற்கரையில் கீற்றுக் கொட்டகைகள் முளைக்கும். வெளியூர் மீனவர்கள் படகோடும் பாத்திரம் பண்டத்தோடும் வந்திறங்கி, பங்குனி வாக்கில் கொட்டகையைப் பிரிக்கும்வரை அங்கேயே தங்கித் தொழில் செய்வார்கள். வங்கக் கடல் பாக் நீரிணைக்குள் திரும்புகிற முனை அது. காவிரிப் படுகையின் தென்கிழக்கு மூலை. வலைக்காரர்களின் அந்த ஊருக்குச் சில ஆண்டுகளாக இன்னொரு கூட்டமும் வரத் தொடங்கியிருக்கிறது. தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து பைக்கில் வரும் இளைஞர்கள். முதுகில் நீளமான துணிப்பை. அதற்குள் இரண்டு துண்டாகக் கழற்றிய ராடு, ஒரு ரீல், பிளாஸ்டிக் மீன்கள் அடைத்த டப்பா. வரும் வழியில் ஏதாவது ஒரு கடையில் நரம்பு வாங்குகிறார்கள். அங்கே கேட்கப்படும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, இது எத்தனை கிலோ தாங்கும்?”

கடைக்காரர் ஒரு எண்ணைச் சொல்வார். எண் பெரிதாக இருந்தால் வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும். வாங்கியவர் கரைக்குப் போய் பத்து முறை வீசுவதற்குள் பாதி நரம்பு சிக்காகிவிடும், அல்லது முதல் மீனோடு போய்விடும். திரும்பி வந்து இன்னும் பெரிய எண் கேட்பார். இந்தச் சுற்று எனக்கு நன்றாகத் தெரியும், நானும் சுற்றியவன்தான்.

ஒரு சொல் விளக்கம். மீனவர் பேச்சில் நரம்பு என்றால் ஒற்றை நைலான் இழை. தங்கூசி என்றும் சொல்வதுண்டு. ரீல் பிடிப்பவர்கள் லைன் என்கிறார்கள். தூண்டில் முள்ளுக்கும் கைக்கும் நடுவே ஓடுகிற இழை எதுவானாலும் இங்கே நரம்பு என்றே எழுதுகிறேன்.

கிலோக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம். கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்குத் தெரியும், குடம் நீருக்குள் இருக்கும்வரை கயிற்றில் கனமே இருக்காது. நீர்மட்டத்தைத் தாண்டி மேலே வந்ததும்தான் கை இறங்கும். மீனும் அப்படித்தான். ஐந்து கிலோக் கொடுவா தண்ணீருக்குள் ஏறக்குறைய எடையே இல்லாதது. நரம்பை இழுப்பது அதன் ஓட்டம். அந்த ஓட்டத்துக்கு விட்டுக்கொடுக்கத்தான் ரீலுக்குள் டிராக் என்ற அமைப்பு இருக்கிறது: ஒன்றன்மேல் ஒன்று அழுந்தும் தகடுகள், நாம் வைத்த அளவுக்கு மேல் இழுபட்டால் வழுக்கி நரம்பை வெளியே விடும். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராக் வைப்பது வழக்கம். ஒன்பது கிலோ நரம்பில் மூன்று கிலோவுக்கு மேல் இழுப்பு விழவே கூடாது. நரம்பின் முனையை ஒரு சுருள்வில் தராசில் கட்டி, ராடை வளைத்து இழுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்து பார்த்த ஆட்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒன்பது கிலோ தாங்கும் நரம்பில் மூன்று கிலோதான் விழுகிறது என்றால், பிறகு ஏன் அறுகிறது?

அறுந்த முனையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் ‘பெரிய மீன், அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு’ என்று சொல்லிக்கொண்டே முனையைக் கத்தரித்து எறிந்துவிடுகிறார்கள். நைலான் நரம்பின் முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் அறுந்ததே இல்லை. முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. முனையிலும் அதற்கு மேலே ஒரு சாண் தூரத்துக்கும் நரம்பு வெளுத்து, நகத்தால் தடவினால் சொரசொரப்பாக இருந்தால், அது சிப்பியிலோ வேரிலோ உரசித் தேய்ந்தது. பிளேடு போட்டது போல் நறுக்கென்று இருந்தால் ஷீலா மீனின் பல்லோ கொடுவாவின் செவுள் மூடியோ வேலை செய்திருக்கிறது. முனை இழுபட்டு மெலிந்து ஊசி போல் போயிருந்தால் மட்டுமே பாரம் தாங்காமல் அறுந்தது. அந்த நான்காவது வகையை நான் பார்த்தது, முள் பாறையிலோ கட்டையிலோ மாட்டி, கையில் சுற்றி இழுத்தபோதுதான். மீன் அப்படி அறுத்து நான் பார்த்ததில்லை.

அதனால் கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. என் ரீல் எந்த மாதிரி? நான் பிடிக்கப் போகிற இடத்தில் நரம்பு எதன்மேல் உரசும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கிலோக் கணக்கு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரீலைப் பற்றிச் சொல்ல, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருபுவனத்துக்குப் போக வேண்டும். அந்த ஊர்ப் பட்டுத்தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும்போது அதன் வயிற்றுக்குள் இருக்கும் தார்க்குச்சியைக் கவனித்திருக்கிறீர்களா? குச்சி சுற்றுவதில்லை. அசையாமல் கிடக்கிறது. ஊடை இழை அதன் நுனி வழியாக வளையம் வளையமாகக் கழன்று வருகிறது. தறிக்குப் பின்னால் பாவு சுற்றிய உருளை வேறு விதம்; அது உருண்டால்தான் பாவு வரும். ரீலிலும் இரண்டு வகை: ஸ்பின்னிங் ரீல் தார்க்குச்சி மாதிரி, பெய்ட்காஸ்டர் பாவு உருளை மாதிரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

இது உவமைக்காகச் சொன்னது மட்டும் இல்லை. ஸ்பின்னிங் ரீலுக்கு 1905ல் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு ஊரின் கம்பளி ஆலைக்காரர். ஆலையில் அசையாத கண்டிலிருந்து நூல் நுனி வழியாகக் கழன்று ஓடுவதைப் பார்த்துப் பழகியவர், அதையே தூண்டிலுக்குக் கொண்டுவந்தார். பெய்ட்காஸ்டரின் பரம்பரை வேறு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்துச் செய்த ரீல்களிலிருந்து அது வருகிறது. 1952ல் அம்பாசடர் என்ற பெயர்பெற்ற பெய்ட்காஸ்டரை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு ஆபு நிறுவனத்தின் முழுப் பெயருக்கே கடிகாரத் தொழிற்சாலை என்றுதான் பொருள். ஒன்று நூல் ஆலையில் பிறந்தது, மற்றது கடிகாரப் பட்டறையில் பிறந்தது. இரண்டுக்கும் ஒரே நரம்பு ஒத்துவராததில் வியப்பில்லை.

ஸ்பின்னிங் ரீலில் நரம்பு உருளையின் விளிம்பைத் தாண்டி வளையங்களாகக் குதித்து வெளியேறுகிறது. நரம்பு தடித்து விறைப்பாக இருந்தால் வளையம் பெரிதாகும், விளிம்பில் அடிக்கும், ராடின் முதல் வளையத்தில் மோதும். வீச்சு பாதியில் நின்றுவிடும். இன்னும் மோசம், விறைத்த நரம்பு உருளையில் அடங்கி உட்காராது. சுற்றி வைத்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொண்டு கம்பிச்சுருள் மாதிரி துள்ளும். நான் வாங்கிய முதல் ரீல் 2500 அளவு, சின்னது. ‘கடல் மீனுக்கு இதுதான் சரி’ என்று 0.45 மில்லிமீட்டர் தடிமன் நரம்பை அதில் நிரப்பிக் கொடுத்தார்கள். கரையில் நரம்பைத் தடுத்து நிற்கும் பெயில் கம்பியைத் திறந்ததும், வீசுவதற்கு முன்பே, நாலைந்து வளையம் தானாகக் கீழே விழுந்தது. அன்று முழுவதும் சிக்கு எடுத்தேன். மெல்லிய, குழைவான நரம்புதான் ஸ்பின்னிங் ரீலுக்குப் பொருத்தம்.

பெய்ட்காஸ்டரில் நரம்பு நேராக, முறுக்கில்லாமல், உருளை சுற்றச் சுற்ற வருகிறது. தடித்த நரம்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் தொல்லை வேறு. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைத் தளர விட்டால், குடம் தண்ணீரைத் தொட்ட பிறகும் ராட்டினம் ஒரு சுற்று அதிகம் ஓடும், கயிறு தொய்ந்து விழும். இங்கேயும் பொய் மீன் காற்றில் வேகம் குறைந்த பிறகு உருளை அதே வேகத்தில் ஓடுகிறது. வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே குவிந்து குருவிக்கூடு கட்டிவிடும். அதை அடக்கக் கட்டைவிரல் பழக வேண்டும். மெல்லிய நரம்பில் கட்டிய கூட்டை அவிழ்ப்பதைவிட வெட்டி எறிவது சுலபம்; தடித்த நரம்பில் கட்டிய கூட்டை உட்கார்ந்து அவிழ்த்துவிடலாம். புதிதாகப் பெய்ட்காஸ்டர் பிடிப்பவர்களுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் நைலான் நரம்பைச் சொல்வது இதற்காகத்தான். கை பழகிய பிறகு பின்னல் நரம்புக்கு மாறிக்கொள்ளலாம்.

பின்னல் நரம்பு என்றேன். கடைகளில் இப்போது மூன்று சாதி நரம்பு கிடைக்கிறது. அவற்றின் குணத்தையும் பார்த்துவிடுவோம்.

நைலான் 1930களில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினரால் உருவானது. அதற்கு முன்னால் உலகம் பட்டிலும் குதிரைவால் முடியிலும் சணலிலும் தூண்டில் போட்டது. நம் கரைகளில் பருத்தி நூலைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்து உறுதியேற்றினார்கள். நைலான் வந்ததும் அதெல்லாம் ஒரே தலைமுறையில் மறைந்துவிட்டது. நைலானின் சிறப்பு அதன் இழுவை. அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீளும். மீன் திடீரென்று தலையை உதறும்போது அந்த நீட்சி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் தண்ணீரை உறிஞ்சும். ஊறிய பிறகு பத்துப் பதினைந்து சதவீதம் வலு குறையும். வெயிலும் அதைத் தின்னும். பைக்கில் கட்டி வைத்த ராடில் ஒரு கோடைகாலம் கிடந்த நைலானை நம்பாதீர்கள்.

ஃப்ளூரோகார்பன் நரம்பை ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971ல் கொண்டுவந்தது. நைலானைவிடக் கனமானது, மூழ்கும், தண்ணீரை உறிஞ்சாது, மேல்பரப்பு கடினமானது. ‘தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது’ என்று சொல்லி விற்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒளியை வளைக்கும் அளவு தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53க்குப் பக்கத்தில். தண்ணீருக்கு நெருங்கிய எண் என்பதால் குறைவாகத் தெரியும். தெளிந்த நீரில் அந்த வேறுபாட்டுக்குப் பயன் இருக்கலாம். வடகிழக்குப் பருவத்தில் ஆற்று வண்டலும் சேறும் கலந்து தேநீர் நிறத்தில் கிடக்கும் நம் கழிமுகத்தில், ஒரு சாண் ஆழத்தில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. அங்கே தெரியாத நரம்புக்குக் கூடுதல் காசு கொடுப்பது தண்டச் செலவு. அதன் கடினத்துக்காக வாங்கினால் நியாயம்.

மூன்றாவது, பின்னல் நரம்பு. பிரெய்டு என்றும் பி.ஈ. என்றும் சொல்கிறார்கள். பி.ஈ. என்பது பாலிஎத்திலீன். நாம் காய்கறி வாங்கும் பையின் உறவுக்காரர்தான், ஆனால் மூலக்கூறுகள் மிக நீளமாக ஒரே திசையில் அடுக்கப்பட்டவை. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் அந்த இழைகளை நான்கு அல்லது எட்டாகப் பின்னிச் செய்கிறார்கள். ஒரே தடிமனில் நைலானைப் போல் இரண்டு மூன்று மடங்கு வலு. நீட்சி மிகக் குறைவு; ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு இறால் இரையைத் தொட்டால்கூட விரலில் தெரியும். மெல்லியது, குழைவானது, சுருள் நினைவே இல்லாதது. ஸ்பின்னிங் ரீலுக்கென்றே பிறந்தது போல.

அதன் பலவீனத்தைக் கடைக்காரர் சொல்வதில்லை. இழுவிசையில் பீமன், சிப்பியின் விளிம்பில் பட்டால் நூல்தான். மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து நொடியில் போய்விடும். அதனால்தான் பின்னல் நரம்பின் முனையில் லீடர் என்று ஒரு தடித்த நைலானோ ஃப்ளூரோகார்பனோ கட்டுகிறார்கள். நீளம் ஒரு ராடு அளவுக்கு. உரசுவது, பல் படுவது, கையால் பிடித்துக் கரையேற்றுவது எல்லாம் அந்த லீடர் பொறுப்பு. எட்டு இழைப் பின்னல் வழவழவென்று இருக்கும், தூரம் போகும், வளையங்களில் சத்தம் வராது. நான்கு இழைப் பின்னலில் ஒவ்வொரு இழையும் தடித்தது. கொஞ்சம் சொரசொரப்பு, ஆனால் உரசலைக் கூடுதலாகத் தாங்கும். விலையும் குறைவு. நம் பக்கத்துக் கழிமுகங்களுக்கு நான் நான்கு இழைக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இனி இடத்துக்கு வருவோம். கோரையாறும் பாமணியாறும் வந்து விழும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுவாவும் செப்பிலியும் வேர்களுக்கு நடுவே ஒதுங்கி நிற்கும். இரையைக் கவ்வியதும் முதல் வேலையாக வேருக்குள் திரும்பி ஓடும். வேர்களிலும் கட்டைகளிலும் சிப்பி ஒட்டியிருக்கும். கொடுவாவின் வாய் உப்புத்தாள் மாதிரி. செவுள் மூடியின் விளிம்பு கத்தி. 4000 அளவு ஸ்பின்னிங் ரீலில் பி.ஈ. 2 எண் பின்னல் (இந்த எண்ணின் கணக்கு கீழே வரும்), முனையில் 0.60 மில்லிமீட்டருக்குக் குறையாத நைலான் லீடர். இவ்வளவு தடித்த லீடரை மூன்று கிலோக் கொடுவாவுக்கா என்று கேட்காதீர்கள். அந்தத் தடிமன் சிப்பிக்கு. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் முனையை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரத்தால் அரை அடி வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவது, விலையுயர்ந்த நரம்பு வாங்குவதைவிட அதிக மீனைக் கரையேற்றும்.

விரால் கதை வேறு. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி வாக்கில் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்து, வாய்க்கால்களும் குட்டைகளும் நிரம்பிய பிறகு, ஆகாயத்தாமரைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் அடியில் விரால் படுத்திருக்கும். ரப்பர் தவளையைச் செடியின் மேலேயே இழுத்து வந்தால் பிய்த்துக்கொண்டு மேலே வரும். விரால் ஒரு கிலோவோ இரண்டு கிலோவோ இருக்கும்; அதோடு சேர்ந்து வருகிற செடி ஐந்து கிலோ இருக்கும். இங்கேதான் பெய்ட்காஸ்டரின் காலம். பி.ஈ. 4 எண், லீடர்கூட வேண்டாம், நேராகத் தவளையில் முடிச்சு. தண்டுகளை அறுத்துக்கொண்டு வருவதற்கு அந்தத் தடித்த பின்னல் அரிவாள் மாதிரி வேலை செய்யும். இழுவையுள்ள நைலானில் இதையே செய்தால் நீங்கள் இழுக்கும் இழுப்பு நரம்பை நீட்டவே சரியாகிவிடும், முள் விராலின் தாடையில் ஏறாது.

திறந்த மணல் கரையில், ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் பக்கம், உரசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே எதிரி காற்று. வாடையும் கொண்டலும் முகத்தில் அடிக்கும் மாதங்களில் தடித்த நரம்பு வில்லாக வளைந்து பாதித் தூரத்தில் விழும். மெல்லியது தேவை: பி.ஈ. 1 அல்லது 1.5. பெயிலைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடி, நரம்பை ஒரு முறை விரலால் இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்கினால், காற்று முடிச்சு என்ற தலைவலியில் பாதி குறையும். ஷீலா ஓடும் நேரமானால் முள்ளுக்கு மேல் ஒரு சாண் எஃகுக் கம்பி. அவ்வளவுதான், மணல் கரைக்கு இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

இந்த பி.ஈ. எண் என்பது ஜப்பானியர் வழக்கு, பலரைக் குழப்புவது. பெட்டியில் எழுதியிருக்கும் பவுண்டு எண்ணை நிறுவனத்துக்கு நிறுவனம் தாராளமாகப் போடுகிறார்கள். ஒரு பவுண்டு 0.45 கிலோ என்று கணக்குப் போட்டு, நூறு பவுண்டு என்று எழுதிய நரம்பு 45 கிலோ தாங்கும் என்று நம்பினால் அது உங்கள் நல்ல மனசு. தடிமன் எண் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. பி.ஈ. 1 என்றால் ஏறத்தாழ 0.165 மில்லிமீட்டர், 1.5 என்றால் 0.205, 2 என்றால் 0.235, 4 என்றால் 0.33. கவனித்தால் தெரியும், எண் நான்கு மடங்கானால் தடிமன் இரண்டு மடங்கு. நரம்பின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, பரப்பு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்ற பள்ளிக் கணக்குத்தான் இது. சந்தேகம் வந்தால் திருகு அளவியில் வைத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்தில் கம்பியை அளந்த அதே கருவி. பின்னல் நரம்பு அமுங்கும், அளவு கொஞ்சம் முன்பின் வரும். நைலானில் பொய் சட்டென்று பிடிபடும்.

இதே வர்க்கக் கணக்கு ரீலை நிரப்பவும் உதவும். உங்கள் ரீலின் விளிம்பில் 0.30–150 என்று பொறித்திருந்தால், 0.30 மில்லிமீட்டர் நரம்பு 150 மீட்டர் கொள்ளும் என்று பொருள். நீங்கள் வாங்கியது பி.ஈ. 1.5, அதாவது 0.205 மில்லிமீட்டர், 150 மீட்டர். 0.205ஐ 0.30ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 0.47. அதை 150ஆல் பெருக்கினால் 70. அதாவது உங்கள் பின்னல் நரம்பு, 0.30 நைலான் 70 மீட்டர் பிடிக்கும் இடத்தைத்தான் பிடிக்கும். மீதி 80 மீட்டர் அளவுக்கு உருளையில் இடம் காலி. அந்த இடத்தில் முதலில் 0.30 நைலானைச் சுற்றி, அதன்மேல் பின்னலைச் சுற்ற வேண்டும். காசு மிச்சமாகும் என்பது ஒரு காரணம். பின்னல் நரம்பு வழவழப்பானது, வெறும் உலோக உருளையில் நேரடியாகச் சுற்றினால் பிடிமானம் இல்லாமல் மொத்தமாக வழுக்கிச் சுற்றும் என்பது இன்னொரு காரணம். டிராக் கெட்டுப்போச்சு என்று ரீலைப் பழுது பார்க்கக் கொண்டுவருபவர்களில் சிலருக்கு நோய் இதுதான்.

ஸ்பின்னிங் ரீலை விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். அதைவிடக் குறைந்தால் வளையங்கள் விளிம்பில் உரசி வீச்சு குறையும். கூடினால் ஒரேயடியாகக் கழன்று விழும். சுற்றும் விதமும் ரீலுக்கு ரீல் மாறும். பெய்ட்காஸ்டருக்கு, கடையிலிருந்து வந்த கண்டின் ஓட்டைக்குள் ஒரு பென்சிலைச் செருகி, வீட்டில் ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்டு உருள உருளச் சுற்ற வேண்டும். ஸ்பின்னிங் ரீலுக்குக் கண்டைத் தரையில் படுக்கப் போட்டு, நுனி வழியாகக் கழன்று வரும்படி சுற்றுவது வசதி. இருபது சுற்றுக்குப் பிறகு நரம்பைக் கொஞ்சம் தளர விட்டுப் பாருங்கள். முறுக்கிக்கொண்டால் கண்டைத் திருப்பிப் போடுங்கள். ஈரத் துணியை மடித்து அதற்குள் நரம்பைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுவது இரண்டுக்கும் பொது. தளர்வாகச் சுற்றிய மெல்லிய பின்னல், பெய்ட்காஸ்டரில் பெரிய மீன் இழுத்ததும் தன் அடுக்குகளுக்குள்ளேயே புதைந்துகொண்டு அடுத்த வீச்சில் சடாரென்று நிற்கும். போன பொய் மீன் போனதுதான்.

முடிச்சைப் பற்றி நீளமாக எழுதினாலும் பயன் குறைவு. கை பார்த்துக் கற்க வேண்டிய விஷயம். சாதாரண வீட்டு முடிச்சு போட்டால் நரம்பின் வலு பாதிக்குப் பாதி போய்விடும். இருபது கிலோவுக்குக் காசு கொடுத்துப் பத்துக் கிலோ நரம்பில் மீன் பிடிப்பவர்கள் ஏராளம். முள்ளுக்குப் பலோமார், லீடருக்கு இரட்டை யூனி; இந்த இரண்டையும் இருட்டில் போடத் தெரிந்தால் போதும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நைலானை இழுத்து இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடத்திலேயே வலு இழக்கும்.

வீடு திரும்பியதும் ரீலின் டிராக்கை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். நைலானை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பின்னல் மூன்று நான்கு வருடம்கூட வரும். முனை வெளுத்துப் பஞ்சு தட்டியதும் நரம்பை ரீலில் தலைகீழாக மாற்றிச் சுற்றினால் உள்ளே புதிதாகக் கிடந்த பாதி மேலே வந்துவிடும்.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. கோடியக்கரையில் ரீலோடு வருபவர்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து நிற்க வேண்டும். வெளிமானுக்கும் வலசைப் பறவைகளுக்குமான சரணாலயம் 1967 முதல் அங்கே இருக்கிறது. 2002ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதும் தூண்டில் போடுவதும் குற்றம். முத்துப்பேட்டைக் காடும் வனத்துறையின் கையில்தான் இருக்கிறது. கேட்டுவிட்டு, அனுமதித்த இடத்தில் நில்லுங்கள். மீனவர் வலை விரித்திருக்கும் இடத்துக்குக் குறுக்கே வீசாதீர்கள். உங்களுக்கு அது பொழுதுபோக்கு. அவர்களுக்கு அன்றைய சோறு.

சிக்காகி வெட்டிய நரம்பை மணலில் போடுகிறவர்களைத்தான் எனக்குப் பொறுக்கவே முடிவதில்லை. நைலானும் பாலிஎத்திலீனும் மக்குவதற்குப் பல நூறு ஆண்டு ஆகலாம் என்பது கணிப்பு. உப்பங்கழிச் சேற்றில் காலூன்றி நடக்கும் பறவையின் விரல்களில் அது சுற்றிக்கொண்டால், பறவையால் அவிழ்க்க முடியாது. நடக்க நடக்க இறுகும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் தங்கூசி வலைக்கே தடை இருக்கிறது. இங்கே உங்கள் கையில் இருப்பது சில மீட்டர் துண்டு. மூடி போட்ட ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு, வெட்டியதையெல்லாம் அதற்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பூநாரைகள் கோடியக்கரைக்கு வருவதும் நீங்கள் ராடோடு வருகிற அதே ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களில்தான்.